துடைப்பதா, எண்ணெய் இடுவதா, தட்டை மாற்றுவதா? கையால் சுற்றும் டை கட்டிங் இயந்திரத்தின் பராமரிப்பு

கைப்பிடி திடீரென்று கனக்கிறது. நேற்றுவரை சுத்தமாக விழுந்த பூவிதழ் இன்று ஓரத்தில் நூலிழை போல ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. தட்டு உருளைகளுக்கு இடையே போகும்போது எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். டை எனப்படும் கூர்விளிம்பு உலோக அச்சைத் தாளோடு சேர்த்து அழுத்தி வடிவம் வெட்டுகிற, கையால் சுற்றும் டை கட்டிங் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது சந்தித்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் துணியும் திரவமும் எடுக்கிறார், இன்னொருவர் எண்ணெய்க் குப்பியை எடுக்கிறார், மூன்றாமவர் புதுத் தட்டு வாங்கப் புறப்படுகிறார். மூவருமே சரியாக இருக்கக்கூடும். மூவருமே நல்ல பொருளைக் கெடுத்துவிடவும் கூடும். பல ஆண்டுகளாக வாழ்த்து அட்டைகளும் தாள் பூக்களும் செய்துவரும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. குறை பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை, அதற்குள் நாம் அனுப்புகிற தட்டுகளிலும் டைகளிலும்தான் இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் மென்மையானதில் தொடங்க வேண்டும்.

காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, நடுவே மாறாத இடைவெளி. கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரங்கள் உருளைகளைத் திருப்புகின்றன. மேடைத் தட்டு, வெட்டும் தட்டு, டை, தாள், மேலே இன்னொரு வெட்டும் தட்டு என்று நாம் கட்டுகிற அடுக்கு அந்த இடைவெளியைவிடக் கொஞ்சமே கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் அழுத்தமாக மாறி, டையின் விளிம்பைத் தாளுக்குள் இறக்குகிறது. பிரதி எடுக்கும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அப்படி ஒரே ஒரு தாளைக் கூடுதலாக வைத்ததும் வெட்டாத டை வெட்டிவிடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் டையின் முதுகில் காய்ந்துபோன ஒரு பசைத் துணுக்குக்கும் உருளையில் அப்பிய ஒட்டுநாடாத் துண்டுக்கும் அதே செல்வாக்கு உண்டு. இங்கே அழுக்கு என்றால், நாம் அறியாமல் அடுக்கில் சேர்ந்துவிட்ட இன்னொரு தாள் என்று பொருள். அது இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடும், பக்கத்தில் குறையும். ஒரு மூலை ஆழமாக வெட்டி அடுத்த மூலை வெட்டாமல் விடுவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

குறை எங்கே என்று முதலில் பார்ப்பது

எந்தக் குப்பியையும் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து ஒரு சோதனை செய்துவிடலாம். வட்டமோ சதுரமோ, நுணுக்கமான வேலைப்பாடு இல்லாத ஒரு சிறிய டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அட்டைத்தாளில் தட்டின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று மூன்று இடங்களில் வைத்து மூன்று முறை வெட்டுங்கள். எங்கே வெட்டு விட்டுப்போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, டையை மட்டும் அரைவட்டம் திருப்பி அதே மூன்று இடங்களிலும் மறுபடி வெட்டுங்கள். பிறகு தட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று.

குறை டையோடு சேர்ந்து திரும்பினால் அது டையின் குறை. அங்கே பசையோ தாள் துணுக்கோ இருக்கிறது அல்லது விளிம்பு நசுங்கியிருக்கிறது. தட்டைத் திருப்பியதும் குறையும் இடம் மாறினால் தட்டு தேய்ந்திருக்கிறது. எதைத் திருப்பினாலும் குறை இயந்திரத்தின் ஒரே இடத்தில் நின்றால் மட்டுமே உருளையைச் சந்தேகிக்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்றாவது நிலை அரிது.

அரிதான அந்த நிலையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ4 தாள் நுழையும் அகலமான இயந்திரங்களில் நடுப்பகுதி சற்று மெலிவாக வெட்டுவது இயல்பு. இரு முனைகளில் தாங்கப்பட்ட உருளை நீளமாக நீளமாக நடுவில் வளைவது மிக வேகமாகக் கூடுகிறது. அதே சுமைக்கு நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். சுமார் 15 சென்டிமீட்டர் வாய் கொண்ட பிக் ஷாட் போன்ற இயந்திரத்தில் இது தெரிவதே இல்லை. அகலமான இயந்திரத்தில் நடுவில் மட்டும் வெட்டு மெலிந்தால் துடைத்துப் பயனில்லை. டையை ஓரத்துக்கு நகர்த்துங்கள், அல்லது நடுவில் மட்டும் ஒரு சிறு தாளை அடியில் வையுங்கள்.

உலர்ந்த சுத்தம், ஈரச் சுத்தம்

தாள் தூசு, அட்டைச் சீவல், மினுக்குத் தூள் ஆகியவற்றுக்கு உலர்ந்த வழிதான். மென்மையான தூரிகையால் உருளைகளின் இரு முனைகளிலும் தட்டிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் உருளையைத் துடைத்தபடியே கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் முழுச் சுற்றளவும் சுத்தமாகிவிடும். துணியின் நுனியை மட்டும் பிடியுங்கள். துணியோ விரலோ உருளைகளின் இடைவெளிக்குள் இழுபடக் கூடாது. துணிகளில் முடியும் தூசும் எடுக்கும் ஒட்டும் உருளையை இதற்குச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது மினுக்குத் தூளுக்குத் துணியைவிட நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் துணி தூளை இடம் மாற்றுகிறது, ஒட்டும் பரப்பு தூளைத் தூக்கிவிடுகிறது.

காற்றடிக்கும் குப்பியா, உறிஞ்சும் கருவியா என்ற கேள்விக்கு எனக்குத் தயக்கமே இல்லை. உறிஞ்சுவதே சரி. காற்றை ஊதினால் வெளியே தெரியும் தூசு கண்ணிலிருந்து மறையும், ஆனால் அதில் ஒரு பகுதி உருளையின் முனையில் உள்ள தாங்கிக்குள்ளும் பற்சக்கரப் பெட்டிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். மினுக்குத் தூள் கொஞ்சம் அங்கே சேர்ந்துவிட்டால், பிறகு நீங்கள் கேட்கிற கரகரப்புச் சத்தத்துக்கு எந்த எண்ணெயும் மருந்தாகாது.

ஈரம் தேவைப்படுவது கறைகளுக்கும் பிசுபிசுப்புக்கும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்த பிறகு துடைக்க வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதன் பின் உலர்ந்த துணி. மேசையில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் அடிப்பகுதி உள்ள இயந்திரங்களுக்கும் இதுவே போதும். பிடி நழுவுகிறது என்றால் ரப்பரில் தூசு படிந்திருக்கும், துடைத்ததும் மறுபடி பிடிக்கும்.

பசையை எதனால் எடுப்பது

தேர்வு உண்மையில் கடினமாவது இங்கேதான், தவறு பெரிதாவதும் இங்கேதான். டை நகராமல் இருக்க ஒட்டுநாடா ஒட்டுகிறோம். பின்பக்கம் பசையுள்ள தாள்களை வெட்டுகிறோம். சில மாதங்களில் தட்டின் மேலும் டையின் முதுகிலும் பிசுபிசுப்பு ஏறிவிடுகிறது. அதை எடுக்கச் சோப்புத் தண்ணீர், சமையல் எண்ணெய், ஆல்கஹால், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த பசைநீக்கி, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், கண்ணாடி துடைக்கும் திரவம் என்று ஆறு பொருள்களைச் சொல்வார்கள். எது எவ்வளவு வேகமாகப் பசையைக் கரைக்கும் என்று பார்த்தால் வரிசை ஒன்று. நம் தட்டுக்கு எது ஆபத்தில்லை என்று பார்த்தால் வரிசை ஏறத்தாழத் தலைகீழ்.

வெட்டும் தட்டுகள் பெரும்பாலும் பாலிகார்பனேட், சில அக்ரிலிக். இரண்டும் கண்ணாடி போலத் தெரிந்தாலும் கண்ணாடி இல்லை. இந்தப் பிளாஸ்டிக்குகளுக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே இழுவிசை தேங்கியிருக்கும்போது சில கரைப்பான்கள் பட்டால், சும்மா இருந்த இடத்திலேயே மயிரிழை வெடிப்புகள் கிளம்பிவிடும். புதிதாகத் தட்டையாக இருக்கும் பாலிகார்பனேட் துண்டு ஒருமுறை ஆல்கஹாலால் துடைத்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நம் தட்டு நூற்றுக்கணக்கான முறை உருளைகளுக்கு இடையே நசுங்கி, ஆயிரம் கோடுகள் விழுந்து, வளைந்து கிடப்பது. ஒவ்வொரு வெட்டுக் கோட்டின் அடியிலும் விசை தேங்கியிருக்கிறது. கரைப்பான் போய்ச் சேர்வதும் அதே கோட்டின் அடிக்குத்தான்.

நான் இதைப் பட்டறிந்தேன். ஒட்டுநாடாப் பிசுபிசுப்பை எடுக்க ஒரு தட்டை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தேய்த்துத் துடைத்தேன். அன்று பளபளவென்று இருந்தது. மறுநாள் காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வெட்டுக் கோடுகளின் பக்கங்களில் சிலந்தி வலை போல நுண்ணிய வெண்கோடுகள். அடுத்த சில வெட்டுகளில் ஒரு மூலை முறிந்து, துண்டு உருளைக்கு அருகே தெறித்தது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஆல்கஹால் குப்பியைத் தட்டுகளின் பக்கம் கொண்டுபோவதில்லை.

அக்ரிலிக் தட்டுக்கு ஆல்கஹால் இன்னும் மோசம். அசிட்டோன் இரண்டையுமே இளக்கி மங்கச்செய்துவிடும். தட்டின் மேல் ஒரு துளிகூட வேண்டாம். ஆரஞ்சு மணமுள்ள பசைநீக்கிகள் இயற்கையானவை என்ற பெயரால் பாதுகாப்பானவை போலத் தோன்றுகின்றன. அவற்றில் உள்ள லிமோனீன் பாலிகார்பனேட்டில் வெடிப்பை உண்டாக்கக்கூடியது. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத்தான் பலரும் யோசிக்காமல் எடுக்கிறார்கள், தட்டு கண்ணாடி போல இருப்பதால். அதில் அம்மோனியா இருந்தால் பாலிகார்பனேட்டை அது அரிக்கும்.

தட்டுக்கு மிஞ்சுவது இரண்டு: சோப்புத் தண்ணீரும் பொறுமையும். பசையுள்ள இடத்தில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டுவைத்து, பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் விளிம்பால் தள்ளினால் பெரும்பகுதி சுருண்டு வந்துவிடும். மிச்சத்துக்கு, புதிய ஒட்டுநாடாவை அதன் மேல் ஒட்டி வெடுக்கென்று இழுப்பது வியப்பூட்டும் அளவுக்கு வேலை செய்கிறது. பழைய பசை புதிய பசையோடு போய்விடுகிறது. எந்தத் திரவமும் தேவைப்படாத இந்த வழியை நான் எல்லாவற்றுக்கும் முன் முயல்கிறேன்.

மெல்லிய உலோக டைக்கு வேறு கணக்கு. உலோகத்துக்கு ஆல்கஹால் கெடுதல் செய்யாது. தட்டுகளை எட்ட வைத்துவிட்டு, டையை மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து, ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். சன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆவியாகிவிடுவதால் துரு அச்சமும் குறைவு. இந்த வகையில் ஆல்கஹால் சோப்பைவிடத் தெளிவாக மேல். சமையல் எண்ணெய் பசையை இளக்கும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெயை முழுவதும் கழுவி எடுக்காவிட்டால் அடுத்த பத்து அட்டைகளில் கறை விழும். கழுவாமல் விட்ட எண்ணெய் நாளடைவில் காற்றுப் பட்டுக் கெட்டியாகித் தானே பசையாகிவிடும். ஒரு வேலைக்காக இன்னொரு வேலையை வாங்குவது அது.

இயந்திரத்தின் உருளை எஃகாக இருந்தால், துணியில் சிறிதளவு ஆல்கஹால் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைக்கலாம். உருளை பிளாஸ்டிக்கோ, ரப்பர் உறை போட்டதோ என்றால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் திரவத்தை இயந்திரத்தின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. துணியில் தெளித்து, துணியை இயந்திரத்திடம் கொண்டுபோக வேண்டும்.

எண்ணெய் இடலாமா

என் முதல் பதில் வேண்டாம் என்பதுதான். இயந்திரத்தோடு வந்த கையேடு எண்ணெய் இடச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், எண்ணெய் இல்லாமலே ஓடும்படி அது செய்யப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கைப்பிடி கனத்தால் நாம் உடனே உராய்வை நினைக்கிறோம். பெரும்பாலும் அது அடுக்கின் தடிமன்: ஒரு தட்டு அதிகம், தாள் அதிகம், அல்லது டையின் நீண்ட நேர்விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளைக்கு அடியில் வருகிறது. டையைச் சற்றுச் சாய்த்து வைத்துப் பாருங்கள். விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக நுழையும், கைப்பிடியின் கனம் உடனே குறையும். எண்ணெய் செய்யாததை இந்தச் சாய்வு செய்கிறது.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். தட்டு நசுங்கும்போது வரும் நொறுங்கல் போன்ற 'டக், டக்' இயல்பானது; புதிய இயந்திரத்திலும் வரும். அடுக்கு எதுவும் இல்லாமல் வெறுமனே சுற்றும்போதும் கீச்சென்று ஒலித்தால் அது தாங்கியின் உராய்வு. கைப்பிடி ஓரிடத்தில் சறுக்கி 'கடக்' என்று விழுந்தால் பற்சக்கரத்தின் பல் தாண்டுகிறது; அதற்கு எண்ணெய் தீர்வே இல்லை, சுற்றுவதை நிறுத்த வேண்டும்.

வெறும் சுற்றில் கீச்சொலி வருகிறது, கையேடும் தடுக்கவில்லை என்றால், எதை இடுவது? வீட்டில் கைக்கு எட்டுவது டபிள்யூடி-40. 1953-இல் உருவான அந்தக் கலவையின் பெயரே நீரை விரட்டுவது என்ற அதன் முதல் வேலையையும் நாற்பதாவது முயற்சி என்பதையும் குறிக்கிறது. துருப்பிடித்த திருகை இளக்க அது நல்லது. நீடித்த மசகுக்கு அது பொருந்தாது; அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சுகிற மெல்லிய படலம் தாள் தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் அதைவிட மேல், ஆனால் நீர்த்தன்மை அதிகம்; தாங்கியில் இட்டது வழிந்து உருளைக்கு வரும், உருளையிலிருந்து மேடைத் தட்டுக்கு, அங்கிருந்து வெள்ளை அட்டைக்கு.

சிலிக்கோன் தெளிப்பானைப் பலர் பரிந்துரைக்கிறார்கள், பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்று. அது சரிதான். ஆனால் தாள் வேலை நடக்கும் அறையில் சிலிக்கோனைத் தெளிப்பது பெரிய தவறு என்று நினைக்கிறேன். காற்றில் மிதந்து தாளில் படியும் கண்ணுக்குத் தெரியாத படலம் போதும். அந்த இடத்தில் பசை பிடிக்காது, நீர்வண்ணம் பரவாமல் புள்ளி புள்ளியாக ஒதுங்கும். வண்ணம் பூசும் தொழிலில் இருப்பவர்கள் சிலிக்கோனுக்கு அஞ்சுவது இதனால்தான்.

ஆகவே எண்ணெயைவிட கிரீஸ், அதுவும் தெளிப்பானில் இல்லாமல் குழாயில் வருவது. பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பி.டி.எஃப்.இ (டெஃப்லான்) கலந்த கிரீஸ் என் தேர்வு. பல்குச்சியின் நுனியில் கடுகளவு எடுத்து, வெளியிலிருந்து தெரிகிற பற்சக்கரத்தின் பற்களிலோ தாங்கியிலோ மட்டும் தடவி, பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, பிதுங்கியதைத் துடைத்து எடுங்கள். உருளையின் பரப்பில் எந்த மசகும் படவே கூடாது. உருளை தட்டைப் பிடித்து இழுப்பது உராய்வால்தான். அதை வழுக்கவிட்டால் அடுக்கு பாதி வழியில் நின்றுவிடும்.

தட்டு: திருப்புவதா, நிமிர்த்துவதா, மாற்றுவதா

பராமரிப்பில் செலவு உண்மையாகவே வரும் இடம் தட்டு. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் பிளாஸ்டிக் பலகை தேய்வதற்காகவே செய்யப்பட்டது. டையின் கூர்மையைத் தான் வாங்கிக்கொண்டு, டையையும் உருளையையும் காப்பாற்றுகிறது. ஆகவே கோடுகள் விழுந்ததற்காக வருந்தத் தேவையில்லை. வருந்த வேண்டியது வளைவுக்கு.

ஒரே பக்கத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால் டை விளிம்புகள் அந்தப் பரப்பைப் பிளந்து பக்கவாட்டில் தள்ளுகின்றன. அந்தப் பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரியாமல் நிற்கிறது, தட்டு வில்லாகிறது. வளைந்த தட்டு மேடையில் பொருந்தாது, டை நகரும், சில நேரம் தட்டு உருளைக்குள் நுழையவே திணறும். இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, ஒவ்வொரு வெட்டுக்கும் தட்டைத் திருப்பிப் போடுவதும் முனை மாற்றுவதும். இது தடுப்பு, வந்துவிட்ட வளைவுக்கும் ஓரளவு மருந்து. வில்லின் முதுகு இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சில வெட்டுகள் விழுந்தால் தட்டு மெல்ல நேராகிறது. அழியாத மையால் ஒரு மூலையில் 'அ' என்றும் மறுபக்க மூலையில் 'ஆ' என்றும் எழுதிவிடுங்கள். எந்தப் பக்கம் எத்தனை முறை என்று நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லை ஒழியும்.

இரண்டாவது, சூட்டடுப்பில் வைத்து இளக்கி, கனமான பொருளை மேலே வைத்து நிமிர்த்துவது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குகிறது. பாலிகார்பனேட் இளக ஏறத்தாழ 147 டிகிரி வேண்டும். தட்டின் மேல் எது என்று எழுதியிருப்பதில்லை. ஒன்றுக்குப் போதாத சூடு இன்னொன்றைக் கூழாக்கும். சரியாக நிமிர்ந்தாலும் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, 0.1 மில்லிமீட்டருக்கே வெட்டு மாறும் என்று பார்த்தோம். உணவு சமைக்கும் அடுப்பில் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்குவதும் எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது, மாற்றுவது. எப்போது? மூலையில் வெடிப்பு கண்டால் அன்றே. அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அழுத்தத்தில் உடையும் துண்டு கண்ணைத் தாக்கலாம். வெடிப்பு இல்லாவிட்டால், முன்பு தாள் வைக்காமல் வெட்டிய எளிய டைக்கு இப்போது மூன்று தாள் அண்டக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் மாற்றுங்கள். ஓரிரு தாள்வரை அண்டக் கொடுப்பது மலிவான, நேர்மையான தீர்வு. அதற்கு மேல் போனால் தேய்ந்த தட்டின் குறையை இயந்திரத்தின் பற்களிடம் சுமத்துகிறோம். உலோகத் தகட்டை அடியில் வைத்து வெட்டுவதும் அப்படியே: நுணுக்கமான டைக்கு அது அருமையாக உதவும், ஆனால் தகடு வளைந்துகொடுக்காது, அதோடு பழைய அளவுத் தாள்களையும் சேர்த்து வைத்தால் டை வளையும். தகடு சேர்ந்தால் தாள்களை எடுத்துவிட்டு, ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

புதுத் தட்டு வந்ததும் பழையதை எறிய வேண்டாம், வெடிப்பு இல்லாவிட்டால். கோடு விழுந்த தட்டை வெட்டுக்கும், கீறலே இல்லாத தட்டை, தாளில் புடைப்பு வடிவம் பதிக்கும் எம்பாஸிங் ஃபோல்டருக்கும் என்று பிரித்து வையுங்கள். தாள் நேராகத் தட்டைத் தொடுகிற வேலைகளில் பழைய கீறல்கள் அச்சு போலப் பதிந்துவிடும். மென்மையான வெள்ளை அட்டையில் அது தெளிவாகவே தெரியும்.

டைகள்

மெல்லிய டைகளின் துளைகளில் சிக்கிய தாள் துணுக்குகளைக் குண்டூசியால் குத்தி எடுப்பது ஒரு வழி, மென்பஞ்சுப் பலகையின் மேல் டையை வைத்துக் கம்பித் தூரிகை உருளையை உருட்டுவது இன்னொரு வழி. சரிகை போன்ற டைக்கு இரண்டாவதுதான் சரி. குண்டூசி நேரம் தின்னும், ஓரத்தையும் வளைக்கும். சிக்கலையே தவிர்க்க டைக்கும் தாளுக்கும் நடுவே மெழுகுத்தாள் ஒன்றை வைத்து வெட்டலாம். துணுக்கு தானே கழன்று விழும். அலுமினியத் தாளை வெட்டினால் டை கூர்மையாகும் என்ற யோசனை மெல்லிய டைகளுக்குப் பொருந்தாது. அவை அழுத்தத்தால் வெட்டுபவை, அவற்றைத் தீட்ட மென்மையான தகட்டுக்கு வலுவில்லை.

பலகையில் பதித்த எஃகுப் பட்டை டைகளை ஒருபோதும் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள். மெல்லிய டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உடனே துடைத்து உலர்த்தலாம். ஆனால் பட்டை டைகளில் எஃகைச் சுற்றியுள்ள பஞ்சும் பலகையும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு எஃகைத் துருவேற்றும். பஞ்சின் இடுக்கில் இருக்கும் சீவலை இடுக்கியால் எடுப்பதோடு சரி. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடந்தால் நல்லது.

திறந்து பார்ப்பதா

பல் தாண்டும் சத்தம் கேட்டால், அல்லது கைப்பிடி சுற்றியும் உருளை நின்றால், உறையைத் திறக்கும் ஆசை வரும். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் திறக்கக் கூடாது; விற்றவரிடமோ தயாரித்தவரிடமோ பேசுவதே முறை. உத்தரவாதம் முடிந்திருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கைப்பிடியைப் பிடித்திருக்கும் திருகை இறுக்குவது யாரும் செய்யக்கூடியது. கைப்பிடி ஆட்டத்துக்கு அதுவே பெரும்பாலும் காரணம், ஆகவே முதலில் அதைப் பாருங்கள். உருளைகளைக் கழற்றுவது வேறு. இடைவெளி ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் மாறினாலும் வெட்டு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், அதை வீட்டில் அளந்து சரிசெய்வது கடினம். தயாரிப்பு நின்றுபோன பழைய இயந்திரங்களில், கட்டில்பக் அவற்றில் ஒன்று, உதிரிப் பற்சக்கரம் தேடி அலைவதைவிடப் புதியது வாங்குவதில் மன அமைதி அதிகம். பழைய தட்டுகள் புதிய இயந்திரத்தில் அதே அடுக்கில் பொருந்தும் என்று மட்டும் எண்ணாதீர்கள். அடுக்கைத் தொடக்கத்திலிருந்தே, குறைந்த தடிமனிலிருந்து கூட்டிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை

மாதம் ஒருமுறை பெரிய சுத்தம் செய்பவர்களும், ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது வகை. பசை அன்றைக்கே இருந்தால் புது ஒட்டுநாடாவில் வந்துவிடும். மாதம் கடந்தால்தான் கரைப்பான் பற்றிய கேள்வியே எழுகிறது. மினுக்கு அட்டை வெட்டிய நாளில் மட்டும் உறிஞ்சும் கருவியையும் எடுக்கிறேன்.

துடைத்து முடித்த பின் அடுக்கை உருளைகளுக்கு நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அடுத்த நாள் தொடர வசதி என்று. இரவு முழுவதும் ஒரே கோட்டில் அழுத்தப்பட்ட பிளாஸ்டிக் அந்த வடிவத்தை நிலையாக எடுத்துக்கொள்ளும். தட்டில் குறுக்கே ஒரு பள்ளம் விழும், மென்மையான உருளையில் ஒரு தட்டையான இடம் உண்டாகும். தொலைபேசி மணி அடித்தால்கூட, கைப்பிடியை இன்னும் நான்கு சுற்றுச் சுற்றி அடுக்கை வெளியே எடுத்து, தட்டுகளைச் சுவரில் சாய்க்காமல் மேசையில் படுக்கவைத்துவிட்டு எழுந்திருங்கள்.